பழங்காசும் படப்பதிவும்

கல்வெட்டு தான் பொறிக்கப்பெற்ற ஊரை விட்டு எளிதில் பெயர்வதில்லை. ஓலைச்சுவடி ஒரு வீட்டுப் பரணிலே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். காசோ கைமாறுவதற்கென்றே பிறந்தது. மன்னனின் அக்கசாலையிலிருந்து வணிகனின் பைக்கும், அங்கிருந்து உழவனின் மடிக்கும் சென்ற காசு, பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் உறங்கி எழுந்த பின்னரும் தன் தொழிலை மறப்பதில்லை. ஆற்று மணலை அரிப்பவரிடமிருந்து பழைய பாத்திரக் கடைக்கும், அங்கிருந்து பழம்பொருள் வணிகரிடத்தும், அவரிடமிருந்து அயலூர்ச் சேகரிப்பாளரின் பேழைக்கும் அது மீண்டும் பயணம் புறப்பட்டு விடுகின்றது. இந்த இரண்டாம் பயணத்தில், அது எங்கே கிடைத்தது, எவற்றோடு கிடைத்தது என்னும் செய்திகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகின்றன. சில காசுகளின் பயணம் பொற்கொல்லரின் மூசையிலே முடிந்து விடுகின்றது.

இப்பயணத்தை முற்றிலும் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. ஆயினும், காசு நம் கையைக் கடந்து செல்லும் அந்த ஒரு நாளில் அதனை முறையாகப் படமெடுத்து, எடை பார்த்து, கிடைத்த இடத்தை எழுதி வைத்துவிட நம்மால் இயலும். இது தொல்லியல் துறையினரின் கடமை மட்டுமன்று. தமிழ் கற்போர், கற்பிப்போர் அனைவரின் கடமையுமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காசும் ஓர் ஏடே

'நாணயவியல் வரலாற்றுத் துறைக்கு உரியது. தமிழ்த்துறைக்கு அதில் என்ன வேலை?' என்று கேட்பவர் உளர். காசில் இருப்பது எழுத்து. எழுத்து இருக்கும் இடமெல்லாம் தமிழாசிரியனுக்கு வேலை உண்டு.

பாண்டியர் வெளியிட்ட ஒரு சதுரச் செப்புக் காசினை எண்ணிப் பார்க்கலாம். அதன் ஒரு புறத்தில் குதிரை. அதனோடு தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயர். மறுபுறத்தில் கோட்டுருவ மீன். நாளிதழ் ஆசிரியராகவும் நாணயவியல் அறிஞராகவும் விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980களில் இக்காசினை அறிஞர் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். சங்க காலத் தமிழ்க் காசுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1997இல் வெளிவந்தது. வழுதி என்பது பாண்டியர் பெயராகச் சங்கப் பாடல்களில் பயில்வதை நாம் அறிவோம். அப்பெயர் புலவர் வாக்கில் மட்டுமன்றி, சந்தையில் புழங்கிய செம்பிலும் இருந்தது என்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு சதுரமே சான்றாயிற்று.

அவ்வாறே 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் பெயர்கள் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகளும் கிடைத்துள்ளன. புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. காசில் உள்ள மாக்கோதையும் அம்மன்னனும் ஒருவரே என்று துணிந்து கூறுதல் அரிது. எனினும் அப்பெயர் ஆட்சியில் இருந்த பெயர் என்பதில் இனி ஐயமில்லை.

அரபு எழுத்துப் பொறித்த காசுகளின் சிறப்பு வேறொரு வகையில் அமைந்தது. உமையா கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-97இல், செய்த நாணயச் சீர்திருத்தத்தினால் தீனாரிலிருந்து உருவங்கள் நீங்கி எழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. அதற்குப் பின் ஹிஜ்ரி 79 முதல் வந்த வெள்ளித் திர்ஹம்களில் காசு அச்சிடப்பட்ட ஊரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. தன் பிறந்த ஊரையும் பிறந்த ஆண்டையும் தானே கூறும் காசு வரலாற்றாசிரியனுக்கு எத்துணைப் பெரிய செல்வம்!

இதன் பயனை நம் மதுரையிலேயே காணலாம். தில்லித் துக்ளக் ஆட்சியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1330களில் தனியாட்சி அமைத்தார். அரபியர் 'மஃபர்' என வழங்கிய இந்நாட்டின் சுல்தான்களைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. ஆனால் அவருடைய குறிப்பு நாசிருத்தீன் என்னும் சுல்தானோடு நின்று விடுகின்றது. அவர் இந்நாட்டை விட்டுச் சென்று விட்டார். பின்னர் ஆண்ட ஆதில் ஷா, முபாரக் ஷா, சிக்கந்தர் ஷா ஆகியோரின் வரிசையையும் ஆண்டுகளையும் நமக்கு நிறுவித் தந்தவை பெரும்பாலும் அவர்கள் வெளியிட்ட சிறு காசுகளே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராட்ஜர்சும், 1909இல் ஹுல்ஷும் அக்காசுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். விசயநகர இளவரசர் குமார கம்பணரின் மதுரை வெற்றியை 1371ஐ ஒட்டி வைத்து எழுதுவது வழக்கம். சிக்கந்தர் ஷாவின் காசுகளோ ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை கிடைக்கின்றன. ஓர் அரசு முடிந்த நாளைக் குறித்து நூல்கள் சொல்லாத செய்தியைக் காசு சொல்லுகின்றது. அத்தகைய காசொன்றின் ஆண்டெழுத்து தேய்ந்து போனால் மறைவது ஒரு கீற்று மட்டுமன்று. ஓர் ஆட்சியின் ஓராண்டே மறைந்து போகின்றது.

புள்ளியும் குழியும்

காசைப் படிப்பது எளிதன்று. கல்வெட்டில் எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். அச்சிட்ட காசிலோ எழுத்து மேடாக எழுந்து நிற்கும். காசடிக்கும் இரும்பு அச்சில் எழுத்தைத் தலைகீழாகப் பள்ளமாகச் செதுக்கி, அதனை உலோகத் துண்டின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். அப்பொழுது உலோகம் பள்ளத்துக்குள் ஏறி எழுத்து மேடாகின்றது. அம்மேடு கைபட்டுத் தேய்கின்றது, மண்ணுப்பு பட்டு அரிக்கப்படுகின்றது, களிம்பேறி மறைகின்றது.

தமிழ்ப் பிராமியின் பிற்கால வடிவங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் தோன்றியது. மெய்க்குப் புள்ளி உண்டென்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணமுமாகும். ஆகவே ஓர் எழுத்தின் அருகே புள்ளி உள்ளதா இல்லையா என்பது, பெயரைப் படிப்பதற்கு மட்டுமன்றிக் காசின் காலத்தைக் கணிப்பதற்கும் துணை செய்வது. ஆனால் செப்புக் காசில் அரிப்பினால் விழும் சிறு குழியும் புள்ளி போலவே தோன்றும். உண்மைப் புள்ளி மேடு, அரிப்பு பள்ளம். வெறுங்கண்ணுக்கும் சாதாரணப் படத்துக்கும் இவ்விரண்டும் ஒன்றாகத் தெரிவதால் எத்தனையோ வாதங்கள் எழுந்து விடுகின்றன.

அரபு எழுத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. தொடக்க காலக் கூஃபி எழுத்துக் காசுகளில் நுக்தா எனப்படும் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. புள்ளியின்றி எழுதினால் ஏழைக் குறிக்கும் 'ஸப்உ' என்னும் சொல்லும், ஒன்பதைக் குறிக்கும் 'திஸ்உ' என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே வடிவமாகி விடும். எழுத்தின் பற்களுள் ஒன்றைச் சற்றே உயர்த்திச் செதுக்கி வேறுபாடு காட்டிய அச்சுக் கொல்லர்களும் இருந்தனர். அந்த உயர்வு மயிரிழை அளவுதான். எனினும் அதனைக் காண்பதும் காணாததும் ஓராட்சியின் காலத்தை ஈராண்டு முன்பின் தள்ளிவிடும்.

தமிழ்ப் புள்ளியாயினும் அரபு நுக்தாவாயினும், அது மேடா பள்ளமா என்று அறிய ஒரே வழி ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் பார்ப்பதேயாகும். ஒளி இடப்புறமிருந்து விழுந்தால் மேட்டின் நிழல் வலப்புறம் விழும். பள்ளத்தின் நிழலோ இடப்புற விளிம்பிலேயே தங்கும். இந்த எளிய உண்மையே புதிய படப்பதிவுக் கலையின் அடிப்படை.

மைப்படியிலிருந்து கணினிக்கு

கல்வெட்டறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மைப்படி எடுத்து வருகின்றனர். கல் காட்டிலே நிற்க, அதன் படி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதனாலன்றோ நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்தவரை ஒரே மேசையில் ஒப்பிட்டுப் படிக்க முடிந்தது! காசுக்கு அத்தகைய படியாக முன்பு சாந்து அச்சினையும், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் முறையையும் கையாண்டனர். பின்னர் ஒளிப்படம் வந்தது. எனினும் ஓர் ஒளிப்படம் ஒரு திசை ஒளியை மட்டுமே காட்டும்.

2001ஆம் ஆண்டில் ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய உடனுழைப்பாளரும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். ஆப்பெழுத்துக் களிமண் பலகையும் அவர்கள் அம்முறையால் ஆராய்ந்து காட்டியவற்றுள் ஒன்று. அதன் வழி வளர்ந்த நெறியினை இன்று ஆர்.டி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இப்பெயரைக் கேட்டதும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. இதுவும் காசிடமிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் ஒரு முறைதான்.

அதன் செயல்முறை கடினமானதன்று. காசும் அசையக்கூடாது, கேமராவும் அசையக்கூடாது. விளக்கை மட்டும் காசினைச் சுற்றிக் கவிகை போன்ற வளைவில் பல திசைகளிலும் உயரங்களிலும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுக்க வேண்டும். நாற்பது, ஐம்பது படங்கள் வரை எடுப்பதுண்டு. காசின் அருகே பளபளப்பான சிறு கரிய உருண்டை ஒன்றினை வைத்தால், அதன் மேல் விழும் ஒளித்துளியைக் கொண்டு விளக்கு எத்திசையில் இருந்தது என்பதைக் கணினி கணக்கிட்டுக் கொள்ளும். எல்லாப் படங்களையும் மென்பொருள் ஒன்றாக இணைத்துத் தரும். பின்னர் நாம் திரையிலே ஒளியை விருப்பம்போல் நகர்த்தலாம். காசின் நிறத்தையும் கறையையும் நீக்கி அதன் மேடுபள்ளத்தை மட்டும் காணலாம். இதற்குரிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

பானையோடு கிடைத்து, களிம்பினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போன காசுகளை ஊடுகதிர்க் கருவியினால் அடுக்கடுக்காகப் படமெடுத்து, பிரிக்காமலே படிக்கவும் மேனாடுகளில் முயன்று வெற்றி கண்டுள்ளனர். அது பெருஞ்செலவுடையது. நம் கல்லூரியளவில் இயலக்கூடியது ஒரு கேமராவும் ஒரு விளக்கும் பொறுமையுமே.

சிதறியவை ஒன்றுசேர்தல்

படப்பதிவின் பெரும்பயன் தனிக்காசைப் படிப்பதில் மட்டும் அடங்கிவிடவில்லை. சிதறிய காசுகளை ஒன்றாகப் படிக்க வைப்பதே அதன் தலையாய பயன் என்பது என் துணிபு.

பழங்காசுகளில் அச்சு பெரிதாகவும் உலோகத் துண்டு சிறிதாகவும் இருப்பது பெருவழக்கு. எனவே பொறிக்கப்பட்ட பெயர் முழுவதும் ஒரு காசில் ஏறுவதில்லை. ஒன்றில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். மற்றொன்றில் இடையெழுத்துகள் இருக்கும். வேறொன்றில் ஈற்றெழுத்து விளிம்பிலே தொங்கும். முதற்காசு மதுரையில் ஒருவரிடமும், இரண்டாவது கொழும்பில் ஒருவரிடமும், மூன்றாவது இலண்டன் அருங்காட்சியகத்திலும் இருக்குமாயின், அப்பெயரை யார் எவ்வாறு முழுமையாகப் படிப்பது? மூன்று காசுகளும் ஒரே மேசைக்கு வருவதில்லை. மூன்றின் படங்களும் ஒரே திரைக்கு வருவதற்குத் தடையேதுமில்லை.

ஒரே அச்சில் அடிக்கப்பட்ட காசுகளை இனங்காண்பது நாணயவியலின் உயிர்நாடி. எத்தனை அச்சுகள் பயன்பட்டன என்பதைக் கொண்டே ஒரு மன்னன் காலத்தில் எவ்வளவு காசு வெளியிடப்பட்டது என்று ஏறத்தாழ மதிப்பிடுகின்றனர். முன்பு அறிஞர்கள் ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் மாற்றி மாற்றி வைத்து ஆண்டுக்கணக்கில் செய்த இப்பணியில் இன்று கணினியும் துணை செய்யத் தொடங்கியுள்ளது. படம் இல்லாத காசு இக்கணக்கில் சேராது. அது இல்லாத காசாகவே கருதப்படும்.

போலிகளைக் கண்டறிவதற்கும் இதுவே வழி. ஒரே அச்சில் பிறந்த இரு காசுகள் உருவத்தால் ஒத்திருக்கும். ஆனால் விளிம்பின் வடிவும் தேய்வும் கீறலும் ஒத்திரா. இரு காசுகளின் கீறலும் சிராய்ப்பும் கூட இம்மியளவும் மாறாமல் ஒத்திருக்குமாயின், ஒன்றைப் பார்த்து மற்றொன்று வார்க்கப்பட்டது, அல்லது இரண்டுமே வேறொன்றிலிருந்து வார்க்கப்பட்டன என்று கொள்ளலாம். சங்க காலக் காசுக்கு விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுவது இயல்பு. போலிக் காசிலிருந்து எழுதப்படும் வரலாறு போலி வரலாறாகவே முடியும்.

நம் நாட்டில் கிடைத்த உரோமக் காசுகளையும் ஈண்டு நினைத்தல் தகும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அவை செலாவணியிலிருந்து நீக்கப்பட்டதன் அடையாளமே அவ்வெட்டு என்பர். அப்புதையற் காசுகளை இன்று காண விழைவோர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தையே நாட வேண்டியுள்ளது. அங்குச் சென்றன எனினும், அவை இன்ன இடத்தில் இன்ன தொகையில் கிடைத்தன என்பது அந்நாளிலேயே எழுதப்பட்டதால் அவற்றின் வரலாறு நமக்குக் கிட்டுகின்றது. அதன் பின் எழுதப்படாமலே உருக்கப்பட்ட புதையல்கள் நம் உள்ளூரிலேயே அழிந்து போயின.

அமெரிக்க நாணயவியல் கழகம் 2012 முதல் உரோமப் பேரரசுக் காசுகளின் வகைகளை நாற்பதாயிரத்துக்கு மேல் வரிசைப்படுத்தி, பல அருங்காட்சியகங்களின் படங்களோடு இணைத்து, எவரும் விலையின்றிக் காணுமாறு இணையத்தில் அமைத்துள்ளது. கரூரில் அமராவதி மணலில் கிடைத்த ஓர் உரோமக் காசினை அவ்வூர் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே மணலில் கிடைக்கும் சேரர் காசினை ஒப்பிட அத்துணை விரிவான திறந்த பட்டியலை அவர் எங்கே தேடுவார்? பிறர் காசுக்கு இருக்கும் கண்ணாடி நம் காசுக்கும் வேண்டாவோ?

படமும் பொய் சொல்லும்

படத்தின் பெருமையைக் கூறிய நாம் அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். இன்றைய கைப்பேசிகள் படத்தை எடுத்தவுடன் தாமாகவே ஒப்பனை செய்து விடுகின்றன. மங்கிய கோட்டைக் கூர்மையாக்குகின்றன, ஓரங்களை மெழுகுகின்றன. செயற்கை நுண்ணறிவு கொண்டு 'தெளிவாக்கிய' படத்தில் காசில் இல்லாத கோடும் தோன்றக் கூடும். முகப்படத்துக்கு ஒப்பனை தீங்கன்று. சான்றுக்கு ஒப்பனை நஞ்சாகும். சுவடியைப் படியெடுப்பவன் தனக்கு விளங்காத இடத்தில் தன் சொல்லை எழுதிச் சேர்ப்பதை நாம் இடைச்செருகல் என்கின்றோம். படத்தில் நிகழ்வதும் அத்தகைய இடைச்செருகலே. ஆதலின் ஒப்பனை செய்யாத மூலப்படத்தைத் தனியே காத்து வைத்தல் இன்றியமையாதது.

மற்றொன்று: படம் எத்துணைத் தெளிவாயினும் எடையைச் சொல்லாது, உலோகத்தைச் சொல்லாது, கிடைத்த இடத்தைச் சொல்லவே சொல்லாது. சீர்திருத்தத் தீனாரின் எடை 4.25 கிராம் அளவினது. தோற்றத்தால் தீனாராய் இருந்து எடையால் மாறுபடும் காசு உடனே ஐயத்துக்கு உரியதாகின்றது. படத்தோடு எடை, விட்டம், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அச்சுத்திசை, கிடைத்த ஊர், கிடைத்த சூழல் ஆகியன சேர்ந்தால்தான் அது ஆவணம். இவையின்றி எடுக்கப்படும் படம் அழகிய சுவரொட்டி மட்டுமே.

அச்சங்களும் விடைகளும்

பழங்காசு வைத்திருக்கும் பெரியோர்களிடம் இதனைக் கூறும்போது இரண்டு அச்சங்கள் எழுகின்றன.

முதலாவது, 'படமெடுத்தால் செய்தி பரவும். அரசு வந்து எடுத்துக் கொள்ளும்' என்பது. இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. சட்டம் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்படும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். மறைப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, தனியார் தொல்பொருளை அயல்நாட்டுக்கு அனுப்புதல் கூடாது. ஆனால் குடும்பத்தில் வழிவழி வந்த காசினை வைத்திருப்பது குற்றமாகாது. எனவே மண்ணில் கண்டதை அறிவிக்கச் செய்வதும், வீட்டில் உள்ளதைப் பதியச் செய்வதும் நம் நெறியாதல் வேண்டும். உரிமையாளர் பெயரும் முகவரியும் வெளியே தெரியாதவாறு காத்தல் பதிவு செய்வோரின் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் பொதுமக்கள் தாம் கண்டெடுத்த தொல்பொருள்களைத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டமொன்று நடைபெற்று வருகின்றது. பொருளைப் பதிந்தபின் பெரும்பாலும் உரியவரிடமே திருப்பித் தருகின்றனர். 2014ஆம் ஆண்டுக்குள் அப்பதிவு பத்து இலட்சத்தைத் தாண்டியது. அச்சம் நீங்கினால் மக்கள் முன்வருவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இரண்டாவது அச்சம் வேறு வகையினது. 'அழுக்காக இருக்கின்றதே, துலக்கிவிட்டுக் காட்டுகின்றோம்' என்பர். அன்போடு சொல்லும் இச்சொல்லே காசுக்குப் பெருங்கேடு. புளியும் சாம்பலும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு உரியவை. பழங்காசின் மேலுள்ள பச்சைக் களிம்பிலேயே பல வேளைகளில் எழுத்தின் மேடு எஞ்சி நிற்கின்றது. களிம்பை உரித்தால் எழுத்தும் உரிந்து போகும். என் மாணவர் ஒருவர் கொண்டுவந்த செப்புக் காசு பளபளவென்று மின்னியது; அதன் இரு புறமும் வெறுமையாயின. அதற்கு முந்திய வாரம் வரை ஒரு புறத்தில் ஏதோ எழுத்து இருந்ததென்று அவர் வீட்டார் கூறினர். அவ்வெழுத்து எம்மொழியினது என்பதை இனி எவரும் அறியப் போவதில்லை.

செய்யத்தக்கன

கடல்வழி வாணிகம் செய்த குடும்பங்கள் பலவற்றைச் சேர்ந்த மாணவர்கள் நம் கல்லூரியில் பயில்கின்றனர். பாட்டிமார்களின் நகைப்பேழையிலும், பழைய கடைக் கணக்குப் பெட்டியிலும், தாயத்தோடு கோத்த கயிற்றிலும் என்னென்ன காசுகள் உள்ளன என்பதை அவர்களே அறிவர். ஆதலின் தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் இணைந்து ஒரு காசுப் பதிவு மேசையை நூலகத்தில் அமைக்கலாம் என்பது என் விண்ணப்பம். அதற்கு வேண்டுவன மிகச் சில.

ஒன்று, கேமராவைக் காசுக்கு நேர்மேலே அசையாது நிறுத்தும் தாங்கி. கைப்பேசியே போதும், ஆனால் மிக நெருங்கி எடுத்தால் வடிவம் திரிபடையும் என்பதால் சற்றே விலகி எடுத்தல் வேண்டும்.

இரண்டு, இடப்புற மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒளி தரும் விளக்கு. முதலில் ஒரே நெறிப்படி எல்லாக் காசுகளையும் எடுத்தல் வேண்டும். அதன் பின்னரே ஐயத்துக்குரிய காசுக்குப் பல திசை ஒளியில் எடுத்தல் வேண்டும்.

மூன்று, படத்துக்குள்ளேயே இடம்பெறும் மில்லிமீட்டர் அளவுகோலும், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசும்.

நான்கு, ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரிசை எண்ணும் ஒரு பதிவுத் தாளும். கிடைத்த ஊரை 'தெரியாது' என்று எழுதுவதற்கும் ஓர் இடம் விடுதல் வேண்டும். ஊகித்து எழுதுவதைவிடத் தெரியாது என்று எழுதுவது நேர்மை.

ஐந்து, மூலப்படங்களின் இரண்டு படிகளை வெவ்வேறு இடங்களில் காத்தல். கணினி பழுதாகும், தட்டும் பழுதாகும். ஓலைச்சுவடியை நம் முன்னோர் படியெடுத்துக் கொண்டே இருந்ததனால்தான் அது நம்மை வந்தடைந்தது. எண்முறைப் படத்துக்கும் அதுவே விதி.

இவ்வைந்தையும் செய்தபின் காசு உரியவர் கைக்கே அன்றைக்கே திரும்பிவிடும். நாம் கேட்பது காசையன்று. காசின் சாயலை மட்டுமே. தமிழ் முதுகலை மாணவர் ஒருவர் தமிழ்ப் பிராமியும், அரபுத் துறை மாணவர் ஒருவர் கூஃபியும் கற்று ஒரே மேசையில் அமர்வாராயின், மதுரைச் சுல்தான்களின் காசும் பாண்டியரின் காசும் அருகருகே படிக்கப்படும். ஒரே மண்ணில் கிடந்த எழுத்துகளை ஒரே மேசையில் படிப்பதற்கு நம் கல்லூரியைவிடத் தகுந்த இடம் வேறு யாது?

முடிவுரை

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய காலத்தில், எத்தனையோ வீடுகளில் ஏடுகள் ஏற்கெனவே நெருப்புக்கும் நீருக்கும் இரையாகி இருந்தன. அவர் தேடிச் சென்ற காரணத்தால் எஞ்சியவை நமக்குக் கிட்டின. காசுகளுக்கு அவ்வாறு தேடிச் செல்வோர் சிலரே இருந்தனர். இன்று அவர்களுள் பலர் நம்மிடையே இல்லை. தேடும் கருவியோ ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் உள்ளது.

ஆதலின் மாணவச் செல்வங்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களிடம் பழங்காசு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் துலக்க வேண்டா, விற்க வேண்டா என்று பணிவுடன் கூறுங்கள். இரு புறமும் படமெடுங்கள். கிடைத்த கதையை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொள்ளுங்கள். சமுதாயப் பெரியோர்களே, உங்கள் பேழையின் காசு உங்களுடையதே. அதில் உள்ள எழுத்து மட்டும் வருங்காலத் தலைமுறைக்கும் உரியது. அதனை ஒருமுறை ஒளியில் காட்டியருளுங்கள்.